மணியின் நாக்கு

இப்போதெல்லாம் யாரும் யாரையும் முகத்துக்கு நேரே திட்டுவதில்லை. அந்தக் காலத்தில் ஒருவனுக்கு உன்னைப் பிடிக்கவில்லையென்றால் "தள்ளி நில்லுடா" என்பான். நீயும் பதிலுக்கு இரண்டு வார்த்தை கொடுத்துவிட்டுப் போகலாம். இன்றைக்கு முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே தள்ளுகிறார்கள். தள்ளி முடித்ததும் மைக்கைக் கையில் கொடுத்து, விழுந்தபோது எப்படி இருந்தது, மனதைத் திறந்து சொல்லுங்கள் என்கிறார்கள். சொன்னால் கைதட்டுகிறார்கள். கைதட்டல் ஓய்ந்ததும் டீ.

ரொட்டிக் கம்பெனியின் அறிவிப்புப் பலகைக்கு முன்னால் நின்றபோது அடுப்புக்காரர் தேசப்படம் அப்படித்தான் நினைத்தார். அவர் எழுத்துக்கூட்டிப் பாதி தூரம் போவதற்குள், மாவு பிசைகிற மைத்துனன் பின்னால் வந்து மொத்தத்தையும் சொல்லிவிட்டான். சனிக்கிழமை வேலை முடிந்து கூட்டம். வெளியிலிருந்து ஒரு பயிற்சியம்மா வருகிறார். வேலை இடத்தில் யாருக்கு என்ன பாரபட்சம் நடந்தாலும் பேசலாம். இனி நடக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு குழு போடுகிறார்கள். குழுவுக்குத் தலைவர் சூப்பர்வைசர்.

"யாரு, வெண்ணெயா?"

"மெதுவாப் பேசுங்க மச்சான்."

"பாலுக்குப் பூனையக் காவல் வச்சாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். பூனைக்கு மாலை போட்டு நாற்காலி போடறத இப்பத்தான் பாக்கறேன்."

மைத்துனன் அக்கம் பக்கம் பார்த்துவிட்டு நழுவினான். அவன் எப்போதுமே அப்படித்தான். வழுக்குகிற இடத்தில் பிறந்தவன்.

சூப்பர்வைசருக்கு வெண்ணெய் என்று பெயர் வைத்தது யாரென்று தெரியாது, பொருத்தமானவர்தான் வைத்திருக்கிறார். அந்த மனிதர் அதட்டிப் பேசி யாரும் கேட்டதில்லை. வழிய வழியப் பேசுவார். கத்தி இறங்கியதே தெரியாது, சட்டை நனைந்த பிறகுதான் தெரியும்.

தேசப்படத்தின் பெயருக்கும் காரணம் உண்டு. அவர் அடுப்படியில் வேலைக்குச் சேர்ந்த சில வருஷங்களில் விரல் நுனியில் வெள்ளை விழுந்தது. பிறகு மணிக்கட்டு, முழங்கை, கழுத்து, ஒரு பக்கத்துக் கன்னம் என்று தோலில் நிறம் போய்க்கொண்டே இருந்தது. நோய் ஒன்றுமில்லை, யாருக்கும் ஒட்டாது என்று வைத்தியர் எழுதியே கொடுத்தார். கூட வேலை செய்தவர்கள் படித்துப் பார்த்து, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, அவர் குடித்த குவளையைத் தொடாமல் விட்டார்கள். கன்னத்து வெள்ளையைப் பார்த்து ஒருவன் "இது எந்த நாடு?" என்று கேட்டான். அன்றிலிருந்து தேசப்படம். சம்பளம் கொடுக்கிறவருக்குக்கூடச் சொந்தப் பெயர் மறந்துபோயிற்று.

வெண்ணெய் சிரிக்கவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடவும் இல்லை. அவர் செய்தது வேறு. கடைக்கும் அடுப்படிக்கும் நடுச்சுவரில் ஒரு வெண்கல மணி தொங்கும். ஒருமுறை அடித்தால் ரொட்டி எடுத்து வா என்று அர்த்தம். இரண்டு முறை அடித்தால் வெளியாள் உள்ளே வருகிறார், தேசப்படம் மாவு அறைக்குப் போக வேண்டும். ஓட்டல்காரர்கள் மொத்தமாக வாங்க வருவார்கள், அதிகாரிகள் பார்வையிட வருவார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட அடுப்பைப் பார்க்க வருவார்கள். அவர் போய் இருட்டில் மாவு மூட்டை மேல் உட்கார்ந்துகொள்வார். மறுபடி ஒருமுறை மணி அடித்தால் வரலாம். அதற்குள் அடுப்பில் ரொட்டி தீய்ந்துபோகும். தீய்கிற வாசனை அவருக்குத்தான் முதலில் தெரியும். எழுந்து போக முடியாது. வெளியே வந்ததும் வெண்ணெய் உருகுவார். "என்னப்பா, கவனம் வேண்டாமா?"

அவர் கை சுட்ட ரொட்டி வேண்டும், அந்தக் கைதான் வேண்டாம். ஊரில் பாதி வயிறு அப்படித்தான் நிறைந்தது.

வீட்டில் அவர் மூச்சு விட்டதில்லை. ஆனால் துணி துவைக்கிறவளுக்குத் தெரியாத ரகசியம் ஏது? அடுப்புக்காரன் கால்சட்டையில் முன்பக்கம் கரி இருக்கும், பின்பக்கம் மாவு எப்படி வந்தது என்று ஒருநாள் மனைவி கேட்டாள். சாய்ந்து நின்றேன் என்றார். சாய்ந்து நின்றால் முதுகில்தானே ஒட்டும் என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை. அவள் தம்பிதான் அங்கேயே இருந்தானே, அவனைப் பிடித்து உலுக்கியிருப்பாள்.

இதையெல்லாம்கூட அவர் முழுங்கிவிட்டிருப்பார். முழுங்க முடியாதது ஒன்று இருந்தது.

மகள் படித்து முடித்து ஓர் அலுவலகத்தில் சேர்ந்தாள். முதல் வாரமே கூட வேலை செய்கிறவர்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு, எங்கப்பா சுடுகிற ரொட்டியைச் சாப்பிட்டுப் பாருங்கள் என்று கடைக்கு வந்துவிட்டாள். கதவருகே அவள் சிரிப்புச் சத்தம் கேட்டதுமே மணி இரண்டு முறை அடித்தது. கால்கள் பழக்கத்தில் நடந்துவிட்டன. மாவு அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் கடை. மகள் கேட்டது அட்சரம் பிசகாமல் காதில் விழுந்தது. "எங்கப்பா இங்க அடுப்புல வேலை பாக்கறாரு. கொஞ்சம் கூப்பிட முடியுமா?"

வெண்ணெய் வழிந்தார். "அப்படி யாரும் இங்க வேலை பாக்கலையேம்மா."

அவள் ரொட்டி வாங்கிக்கொண்டு போனாள். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கேட்காமல் விட்டதுதான் அவர் தொண்டையில் நின்றது.

ரொட்டிக்கடைக்காரனுக்கு ஒரு வழக்கம் உண்டு. புளித்த மாவில் ஒரு பிடி எடுத்துத் தனியே மூடி வைப்பான். அதைச் சேர்த்தால்தான் அடுத்த நாள் மாவு உப்பும். தேசப்படம் கோபத்தையும் அப்படித்தான் வைத்திருந்தார். தினமும் ஒரு பிடி. கெட்டுப்போகாமல்.

பழைய முதலாளி செத்து அவர் மகள் பொறுப்புக்கு வந்த பிறகு வாசலில் மின்சார மணி மாட்டினார்கள். வெண்கல மணி அழகுக்குத் தொங்கியது. ஆனால் தேசப்படத்தை விடியற்காலை வேலைக்கு மாற்றியிருந்தார்கள். அந்த நேரத்தில் வெளியாள் யாரும் வருவதில்லை. உங்கள் வயதுக்குக் குளிர்ச்சியான வேளை நல்லது என்றார் வெண்ணெய். அதே வாய்தான், ஊன்றுகோல் வைத்து நடக்கிற ஒரு பெண் கல்லாவில் உட்காரச் சேர்ந்தபோது, "உனக்கெதுக்கும்மா கூட்டத்துல சிரமம்" என்று அவளைப் பின்கட்டில் ரொட்டி பொட்டலம் கட்டப் போட்டது. கல்லாவைப் பார்க்காமலே அவளுக்குக் கல்லாக்காரி என்று பெயர் நின்றுவிட்டது.

சனிக்கிழமை காலை அவள் அவரைச் சீண்டினாள். "இன்னிக்குப் பேசுவீங்களா பெரியவரே? நீங்க அடுப்போட மட்டுந்தான் பேசுவீங்கன்னு சொல்றாங்க."

"அடுப்பு திருப்பிப் பொய் சொல்லாது. அதான்."

"நான் பேசப் போறேன். பேசினா இன்னும் பின்னால தள்ளுவாங்க. அதுக்கும் பின்னால சாக்கடைதான் இருக்கு."

அவளை அவர் நம்பவில்லை. கல்லா கிடைத்தால் யார் யாரை நினைக்கப் போகிறார்கள்?

மேசைகளை ஓரம் தள்ளி அடுப்படியிலேயே நாற்காலி போட்டிருந்தார்கள். பயிற்சியம்மா எல்லோரையும் கண்ணை மூடிக்கொண்டு பழையதை நினைக்கச் சொன்னார். விடியுமுன் எழுந்த கூட்டம். பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். எழுப்பிவிட்ட பிறகு வெண்ணெய் எழுந்து பேசினார். இது கம்பெனி இல்லை, குடும்பம் என்றார். வேறுபாடு என்ற பேச்சுக்கே இங்கே இடம் கிடையாது என்றார். முதலாளியம்மா மகிழ்ச்சியோடு தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் வெண்ணெய்க்குத் துணிச்சல் ஒரு சுற்று கூடிவிட்டது.

"வேணும்னா நம்ம பெரியவரையே கேளுங்க. என்னப்பா, உன்ன நான் என்னைக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கேனா?"

சத்தியமான பேச்சு. ஒரு வார்த்தை சொன்னதில்லை. மணிதான் சொல்லும்.

பயிற்சியம்மா மைக்கை நீட்டினார். தேசப்படம் அதை வாங்கி நாற்காலி மேல் வைத்துவிட்டு நடுச்சுவருக்குப் போனார். கயிற்றைப் பிடித்து இரண்டு முறை இழுத்தார்.

பல மாதங்களாக அடிக்காத மணி. ஆனால் உடம்பு மறக்கவில்லை. பழைய ஆட்கள் அத்தனை பேரும் நாற்காலியோடு நகர்ந்து வழிவிட்டார்கள். பொட்டலம் கட்டுகிற பழைய ஆள் ஒருத்தி அவசரமாக முந்தானையை ஒதுக்கிக்கொண்டாள். மைத்துனன் ஓடிப்போய் மாவு அறைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "சீக்கிரம் போங்க மச்சான்" என்றான். வெண்ணெய், கையில் பேச்சுக்குறிப்போடு நின்றபடியே, இடதுகையால் உள்ளே போ, உள்ளே போ என்று ஈயை விரட்டுவதுபோல் விசிறினார்.

விசிறிய பிறகுதான் அந்தக் கை தன்னுடையது என்று அவருக்குத் தெரிந்தது. கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

முதலாளியம்மா அந்தக் கையைப் பார்த்தார். திறந்த கதவைப் பார்த்தார். இந்த மணிக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். கதவைப் பிடித்திருந்த மைத்துனன், அதை மூடுவதா விடுவதா என்று தெரியாமல் கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டான்.

தேசப்படம்தான் சொன்னார். சுருக்கமாகச் சொன்னார், அழவில்லை. ஓட்டல்காரர்கள், அதிகாரிகள், மூட்டை, தீய்ந்த ரொட்டி. பயிற்சியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இப்போது உங்கள் மனதுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்.

"மனசுக்கு ஒண்ணும் வேண்டாம். அவரு ஒரு தடவை உள்ள போய் உக்காரட்டும்."

இது ஆறுதல் தருகிற வழி இல்லை என்று பயிற்சியம்மா ஆரம்பித்தார். வெண்ணெய் குறுக்கிட்டார். தலைவர் நாற்காலி கைநழுவுவது அவருக்குத் தெரிந்துவிட்டது. வெண்ணெய் திரளும்போதா தாழி உடைய வேண்டும்? சிரித்துக் கடந்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

"அட, இதுல என்ன இருக்கு? நான் போறேன். மணி அடிச்சதும் வர்றேன், சரிதானே?"

நாடகத்தில் வருகிற ராஜா மாதிரி கையை வீசிக்கொண்டு உள்ளே போனார். கதவு மூடியது.

தேசப்படம் மணிக்கு அடியில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். மணிக்குள் கையை விட்டு, கொக்கியிலிருந்து அதன் நாக்கைக் கழற்றினார். கட்டைவிரல் பருமன் வெண்கலம். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

"அத எடுத்துட்டா அவர் எப்படி வெளிய வருவார்?" என்று முதலாளியம்மா கேட்டார்.

"கதவுல பூட்டு இல்லம்மா. எனக்கும் இருந்ததில்ல."

பிறகு மாவு அறைச் சுவர்ப்பக்கம் போய் நின்றார். கடையில் நிற்கிறவர்போல், உள்ளே இருப்பவருக்கு நன்றாகக் கேட்கும்படி பேசினார். "ஏங்க, இங்க சூப்பர்வைசர்னு ஒருத்தர் வேலை பாக்கறாராமே. கொஞ்சம் கூப்பிட முடியுமா?" கொஞ்சம் விட்டு, குரலில் வழவழப்பை ஏற்றிக்கொண்டு தானே பதிலும் சொன்னார். "அப்படி யாரும் இங்க வேலை பாக்கலையேம்மா."

மைத்துனன் தலை கவிழ்ந்தது. அன்று மகள் வந்தபோதும் இதே கதவை அவன்தான் திறந்து பிடித்தான்.

"யார் யார்கிட்டச் சொன்னது இது?" முதலாளியம்மாவின் குரல் இறங்கியிருந்தது.

"எம் பொண்ணுகிட்ட. அவரு சொன்னாரு. நான் உள்ள இருந்தேன்."

உள்ளே ஒரு தும்மல். இன்னொரு தும்மல். பிறகு, "மணி அடிக்கலாமேப்பா" என்று மெல்லிய குரல். யாரும் அசையவில்லை. மைத்துனன் ஒரு எட்டு வைத்து, தேசப்படத்தின் முகத்தைப் பார்த்து, எட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டான். எல்லாக் கண்ணும் அந்தக் கதவில் இருக்கும்போதே கல்லாக்காரி எழுந்தாள். தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு, ஊன்றுகோல் டொக் டொக்கென்று ஒலிக்கக் கடைப்பக்கம் போனாள். யாரிடமும் கேட்கவில்லை.

கடைசியில் கதவு ஒரு விரற்கடை திறந்தது. இடுக்கில் ஒரு கண். அந்தப் பார்வை தேசப்படத்துக்குச் சொந்தமானது. எத்தனையோ முறை அவர் கண் அங்கே இருந்தது. வெண்ணெய் வெளியே வந்தார். திரும்பி நாற்காலியைத் தேடியபோது கால்சட்டையின் பின்பக்கம் இரண்டு வட்டமாக மாவு. முந்தானையை ஒதுக்கியவள் களுக்கென்று சிரித்தாள். அது பற்றிக்கொண்டது.

இனித்தது. பொய் சொல்வானேன், அவருக்கு நன்றாகவே இனித்தது. ஆனால் சர்க்கரை நாக்கில் நிற்கிற நேரம்தான் நின்றது. இத்தனை நாள் இந்தச் சிரிப்பு தன்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்புத்தானே. ஆள் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

முதலாளியம்மா எழுந்து, குழுவுக்குச் சூப்பர்வைசர் தலைவர் இல்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். வெண்ணெய் கையிலிருந்த குறிப்பை மடித்துக்கொண்டார். பிறகு முதலாளியம்மா தேசப்படத்தின் பக்கம் திரும்பி, நீங்களே தலைவராக இருக்க வேண்டும், இனி இங்கே எல்லாம் மாறும் என்றார். அவரை ஐயா என்று கூப்பிட்டார்.

"மாவு பிசையறதுக்கு முந்தியே ரொட்டிக்கு விலை சொல்றீங்கம்மா."

"என்னை நம்பலையா?"

"உங்கப்பாவும் நல்லவருதான். அந்த மணியோசை அவருக்கும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு."

பயிற்சியம்மா டீ குடித்துவிட்டுப் போகலாமே என்றார். தேசப்படம் வேண்டாம் என்றார். மைத்துனன் பின்னாலேயே வந்து, அக்காவிடம் ஒன்றும் சொல்லாதீர்கள் என்று கெஞ்சினான். அவளுக்குத் தெரியாமலா, மாப்பிள்ளை, உன்னை இத்தனை நாள் சோறு போட்டு விசாரித்தாள் என்றார். அவன் அங்கேயே நின்றுவிட்டான்.

கடை வழியாகத்தான் வெளியே போனார். பின்வாசலை இன்றைக்குப் பயன்படுத்தவில்லை. கல்லாவில் அவள் உட்கார்ந்திருந்தாள், ஊன்றுகோலை எல்லோரும் பார்க்கிற மாதிரி மேசை மேலேயே சாய்த்து வைத்திருந்தாள். ரொட்டி வாங்க வந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, வேறு ஆள் இல்லையா என்பதுபோல் அவள் தலைக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"என்ன வேணும், சொல்லுங்க. நான்தான் இருக்கேன்" என்றாள்.

நாளைக்கும் இருப்பாளா என்று தேசப்படத்துக்குத் தெரியாது. புது மணி ஒன்று வாங்கி மாட்ட எத்தனை நேரமாகும்? மணிகூட வேண்டாம், ஒரு இருமல் போதும், இவர்களுக்கு. பையில் கனத்த நாக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "பாக்கலாம், பாக்கலாம்" என்று முனகியபடி அவர் தெருவில் இறங்கி நடந்தார்.