சாதுப் பல்லி

வைஷ்ணவி மேடம்,

ஜோகுபாளையத்தில் உங்கள் வீட்டு வாசலில் பல்லிக்குஞ்சு டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனவன் நான். பெயர் கவியரசன். மர்பி டவுனில் வீட்டில் செல்லமாக வைத்துக்கொள்ளும் வெளிநாட்டுப் பல்லிகளை வளர்த்து விற்கும் பெர்னார்டிடம் இரண்டு வருடம் தீனி போடும் வேலை பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போனில் அழுதபோது அவர் ஸ்பீக்கர் போட்டிருந்தார். வந்த நாளிலிருந்து பதினோரு நாளாகக் குஞ்சு எதுவும் தின்னவில்லை என்றீர்கள்.

"சிலருக்குக் கை ராசி இல்ல மேடம். திருப்பிக் குடுத்துடுங்க, நாளைக்கு சாயங்காலம் ஆள் அனுப்புறேன்" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தக் குஞ்சு எங்களிடம் இருந்தபோதும் தானாக ஒரு புழுவைத் தின்றதில்லை.

கடிக்காத பல்லிதான் விற்கும் என்று பெர்னார்ட் சாதுவோடு சாதுவையே இணை சேர்த்து வருகிறார். அவை உள்ளங்கையில் அசையாமல் கிடக்கும், போட்டோவுக்கு நன்றாக இருக்கும். ஆனால் எதிரில் புழு நெளிந்தாலும் அப்படியேதான் கிடக்கும். நாலாம் நம்பர் தாய்க்கு இந்த வருடம் எட்டுக் குஞ்சு. ஆறு இரையைத் தொடவில்லை. உங்களுடையது அதில் ஒன்று. ஒன்பதாம் நம்பர் தாயோ என் விரலை ரத்தம் வரக் கடித்தவள். அவள் குஞ்சுகள் நாலாம் நாளே நான் இடுக்கியில் நீட்டிய புழுவைப் பிடுங்கின. இரண்டுக்கும் ஊட்டியது இதே கைதான்.

போனை வைத்ததும் கேட்டேன். "அண்ணா, அது தாயோட கொணம். அவங்க கையை ஏன் சொல்றீங்க?"

"பல்லிக்கு ஜாதகம் பாக்குறியாடா?"

"நாலாம் நம்பரை இனிமே சேக்காதீங்க."

"கடிக்கிறதை எவன் வாங்குவான்? உங்க மாமனாரா? அது திரும்பி வரட்டும், வேற ஆளுக்குத் தள்ளிடலாம்."

இடுக்கியை அவர் மேஜையில் எறிந்துவிட்டு வந்துவிட்டேன்.

புழுவை நறுக்கி, அதன் சாற்றைக் குஞ்சின் உதட்டில் தடவுங்கள். நக்கும். நக்கும்போதே துண்டை வாயோரம் வையுங்கள். காலையும் மாலையும் நான் இப்படித்தான் அதை வளர்த்தேன். உங்களிடம் சொல்லாதே என்றார், நானும் வாயை மூடிக்கொண்டு டப்பாவை நீட்டினேன். அதை நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஆறில் ஒன்று இப்படி ஊட்டியும் செத்தது. பொய் சொல்லமாட்டேன்.

தபாலில் போட்டால் நாளாகும் என்று இதை உங்கள் வாட்ச்மேனிடம் கொடுக்கிறேன். இன்று திங்கள். சாயங்காலம் பெர்னார்டின் ஆள் வருவான். கதவைத் திறக்காதீர்கள்.

கவியரசன்