பதினாறு டிகிரி

நர்ஸ் அக்காவின் இடுப்பு எக்ஸ்ரேயில் டாக்டர் நான்காவது முறையாகக் கோடு போட்டு அளந்தார். பதினாறு டிகிரிதான் வந்தது.

பதினோரு வருடமாக அவருடைய ஆபரேஷன் தியேட்டரில் கருவி எடுத்துக் கொடுப்பவள் அவள். சின்னத் துளை போட்டு, கேமராவை விட்டு, இடுப்பு மூட்டைச் சரிசெய்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்பவளும் அவள்தான். ஆறு மாதமாகத் தொடை இடுக்கில் வலி. மூட்டுக் கிண்ணத்தின் விளிம்பு ஜவ்வு கிழிந்திருப்பது ஸ்கேனில் தெரிந்ததுமே, அவரைக் கேட்காமல் வெள்ளிக்கிழமைப் பட்டியலில் தன் பெயரை எழுதிவிட்டாள்.

டாக்டர் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"அக்கா, உங்க கிண்ணம் பிறவியிலேயே ஆழம் பத்தாது. தொடை எலும்புப் பந்துக்கு மேல கூரை குட்டை; இருபத்தஞ்சு டிகிரியாவது கவியணும், உங்களுக்குப் பதினாறுதான். கூரை தாங்க வேண்டிய பாரத்தை இத்தனை வருஷமா அந்த ஜவ்வு தாங்கியிருக்கு. நான் தச்சாலும் திரும்பக் கிழியும். உள்ள போக மூட்டு உறையை வேற வெட்டணும். பந்து இன்னும் நழுவும்."

"போன மாசம் ஒரு பொண்ணுக்குச் செஞ்சீங்களே தம்பி, அவளுக்கும் கூரை குட்டைதானே?"

அவளுக்கு இருபத்திரண்டு டிகிரி, பந்தும் நழுவவில்லை, அதனால் துணிந்தேன் என்றார். பதினாறுக்குத் துளை போதாது. எலும்பை வெட்டிக் கிண்ணத்தையே திருப்பி ஸ்க்ரூ போட வேண்டும். அதில் கைதேர்ந்தவர் அடுத்த கட்டிடத்து டாக்டரம்மா. அவருக்கும் இவருக்கும் ஏழாம் பொருத்தம்.

பெரிய வெட்டு, இரண்டு மாதம் ஊன்றுகோல் என்றதும் அக்காவின் முகம் சுண்டிப்போனது.

"என் மேல கத்தி வைக்க உங்களுக்கு பயம். அதானே?"

"பயம்தான் அக்கா. தைரியமா செஞ்சு உங்களை நொண்ட விடறதுக்கு, பயந்து அனுப்பறதே மேல்."

அவள் எழுந்துபோய்ப் பட்டியலில் தன் பெயரை அடித்தாள்.

அன்றே டாக்டர் அடுத்த கட்டிடத்துக்குப் போனார். மூன்று வருடமாக அந்த அம்மாளிடம் பேசாத வாய் முதலில் குழறியது. டாக்டரம்மா படத்தை வெகுநேரம் பார்த்தார். சரியாகத்தான் அனுப்புகிறீர்கள் என்று சொல்லி, உட்கார நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

ஆபரேஷன் நான்கு மணி நேரம் நடந்தது. வெளியே பெஞ்சில், ஆறிப்போன காபியைக் கையில் பிடித்தபடி டாக்டர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்த அக்காவின் புருஷன்தான் அவருக்கு ஆறுதல் சொன்னார்.

ஐந்தாம் மாதம் அக்கா வேலைக்குத் திரும்பினாள். ஊன்றுகோலும் இல்லை, நொண்டலும் இல்லை. வந்ததும் தியேட்டர் அலமாரியைத் திறந்து, எல்லாவற்றையும் இப்படிக் கலைத்துப் போட்டது யார் என்று கேட்டாள். டாக்டர் நைசாகக் கை கழுவப் போனார்.