குப்புறக் கிடந்த கல்

உலகப் போரின்போது, ஜப்பானிய வம்சம் என்பதற்காக அமெரிக்க ராணுவம் எங்களை அடைத்து வைத்திருந்த முகாமில் இன்று மிச்சம் இருப்பது காவல் கோபுரத்தின் அடித்தளமும் குளியலறையின் சிமென்ட் தரையும்தான். போர் முடிந்ததும் கொட்டகைகளை அக்கம்பக்கத்து விவசாயிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் அவற்றை இரண்டாக அறுத்து, லாரியில் ஏற்றிப் போய், வீடாக்கிக்கொண்டார்கள். ஆகஸ்ட் பிறந்தால் முகாமில் இருந்த நாங்கள் எல்லோரும் சேர்ந்து பஸ் பிடித்து வந்து, எங்கள் வீட்டை இன்னொருவன் வயலில் தேடுவோம்.

அப்படித் தேடியபோதுதான் வெண்டல் கிராட்டன் அகப்பட்டார். உருளைக்கிழங்கு விவசாயி. என்னையும் தம்பி ஷிகேருவையும் அவரே கூட்டிப்போய்ப் பெருமையாக வீட்டைக் காட்டினார். தரையிலிருந்து உயரமாக நின்ற வாசலுக்குப் படியாகக் கிடந்த கருங்கல்லைப் பூட்ஸ் காலால் தட்டினார்.

"இதுவும் உங்க முகாம்லேர்ந்து வந்ததுதான். ஒரு பக்கம் உங்க எழுத்து. சேறு அப்புதுன்னு குப்புறப் போட்டுட்டேன்."

நான் குனிந்து கல்லின் ஓரத்தைத் தடவினேன். முகாம் இடுகாட்டில் மற்றவர்களுக்கெல்லாம் மரக்கட்டைதான். எழுத்து வெட்டிய கல் ஒன்றே ஒன்று. நிமோனியாவில் போன என் கைக்குழந்தைத் தம்பி மினோருவுக்காக அப்பா ஒரு குளிர்காலம் முழுக்கக் கொத்தியது. முகாமை விட்டுப் போகும்போது அஸ்தியை அம்மா மடியில் வைத்துக்கொண்டாள். கல்லை ஏற்ற ராணுவம் விடவில்லை. பிறகு அப்பா தேடி வந்தபோது அது இல்லை. "போனது போகட்டும்" என்று சொல்லியே செத்தார். அந்தப் பொறுமை எனக்கு வாய்க்கவில்லை.

கல்லைக் கேட்டேன். இத்தனை வருஷமாகத் தன் வீட்டுப் படி, தர முடியாது என்றார். செத்தவனுக்கு என்ன தெரியப்போகிறது என்றும் ஒரு வார்த்தை சேர்த்தார்.

ஷிகேரு கையைப் பிடித்து இழுத்தான். "விடுக்கா, வயசானவரு."

"மினோருவுக்கு வயசாகவே இல்லையேடா."

மறுநாள் ஞாயிறு. கிராட்டனுக்குப் பிறந்தநாள் விருந்து என்று பெட்ரோல் பங்கில் சொன்னார்கள். பஸ்ஸில் இருந்த எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனேன். யார் வீட்டு வாசலிலும் செய்வதுபோலச் செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்தோம். கல்லின்மேல் சோற்று உருண்டையும் தேநீரும் வைத்து ஊதுபத்தி ஏற்றினோம். எங்களோடு வந்திருந்த புத்த பிக்கு மந்திரம் ஓத ஆரம்பித்தார். ஒவ்வொருவராகக் கல்லின் முன் குனிந்து கும்பிட்டோம். அவசரமே படவில்லை.

கதவு திறந்தது. கிராட்டன் நின்றார். பின்னால் அவருடைய பாதிரியார், மகள், பேத்திகள். யாரும் அவரைத் தடுக்கவில்லை. சோற்றை மிதித்தால் இறங்கலாம். காலைத் தூக்கினார். பாதிரியார் பார்ப்பது தெரிந்து இழுத்துக்கொண்டார்.

பின்பக்கமாகப் போகலாமே என்று ஒரு விருந்தாளி சொன்னது கேட்டது. பின்பக்கம் எங்கே இருக்கிறது? ராணுவம் பாதிக் கொட்டகைக்கு ஒரு வாசல்தான் வைத்தது. அந்தக் கஞ்சன் இன்னொன்று வெட்டவே இல்லை.

"இன்னும் எவ்வளவு நேரம்?" என்றார் கிராட்டன்.

"நாங்க உள்ள மூணு வருஷம் இருந்தோம். நீங்க கேக் சாப்பிட்டுக்கிட்டு இருங்க."

சின்னப் பேத்தி அவர் சட்டையைப் பிடித்தாள். "கீழ யாரு பேரு தாத்தா எழுதியிருக்கு?"

 கல்லைப் புரட்டக் கடப்பாரை வயல் கொட்டகையில் இருப்பதாகக் கிராட்டன் ஷிகேருவிடம் முனகினார். படையலை நாங்கள் எடுத்துவைத்தோம். கல் புரண்டது. எழுத்தெல்லாம் மண். துணி கொண்டுவந்திருந்தேன், கொடுக்கவில்லை. கிராட்டன் கீழே இறங்கி, மண்டியிட்டு, விருந்துச் சட்டையின் கையால் துடைத்தார்.

"படிங்க."

"எனக்கு உங்க எழுத்து தெரியாதே."

"நான் சொல்றேன், சொல்லுங்க. மினோரு."

முதல் தடவை குழறினார். விடவில்லை. பேத்திகளுக்குக் கேட்கும்படி சரியாகச் சொல்லும்வரை சொல்ல வைத்தேன்.

கல்லைப் பஸ்ஸில் ஏற்றினோம். கிழவருக்கு ஒரு பலகையாவது போட்டுவிட்டுப் போகலாம் என்றான் ஷிகேரு. வேண்டாம் என்றேன். பஸ் திரும்பும்போது பார்த்தேன். தன் வீட்டு வாசல் இடுப்பளவு உயரத்தில் இருக்க, யாராவது தூக்கிவிட மாட்டார்களா என்று கையை நீட்டிக்கொண்டு நின்றார். பார்க்க எனக்கு நன்றாக இருந்தது.