மாஜிஸ்திரேட் சொன்ன ஒற்றைச் சொல்

"இன்கிரெடிபிள்" என்றார் மாஜிஸ்திரேட், என் முகத்தைக்கூடப் பார்க்காமல். சாட்சிக் கூண்டிலிருந்து இறங்கியதும் எங்கள் வக்கீல் சுவாமிநாதனை மறித்துக்கொண்டேன்.

"அதென்னங்க மாஜிஸ்திரேட்டு சொன்னாரு?"

"நம்பவே முடியாததுன்னு அர்த்தம். சாட்சி சொன்னது மேல அந்தச் சொல்லு விழுந்துட்டா, சொல்லாத மாதிரிதான். புருஷனுக்காகப் பெண்டாட்டி சாட்சி சொன்னா அது எப்பவும் விழும், அம்மா."

உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தீ வைத்ததாகக் கேஸ் போட்ட மருதாசலத்தின் சோளத்தட்டுப் போர் எரிந்த மத்தியானம், என் புருஷன் செங்கோட்டையன் குளிர்காய்ச்சலில் முனகிக்கொண்டு கிடந்தார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அதைத்தான் சொன்னேன். கடலைக்காய் பிடுங்குகிற நாளில் எந்தக் குடியானவப் பெண் வீட்டில் உட்காருவாள் என்று கேட்டுவிட்டு மாஜிஸ்திரேட் அந்தச் சொல்லைப் போட்டார். காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி யார் காய்ச்சுவார்களாம்? இவருடைய அப்பனா?

அடுத்த வாரம் தீர்ப்பு. நிற்க முடியவில்லை, உட்கார முடியவில்லை. கோர்ட்டுக் கச்சேரி வாசலில் மருதாசலத்தின் எதிரே போய் நின்றேன்.

"ஏனுங்க, எங்கூட்டுக்காரரு தீ வெச்சதைக் கண்ணால கண்டீங்களாக்கும்? திருச்செங்கோட்டு மலையில அறுபதாம் படியில நின்னு சத்தியம் பண்ணுங்க. பண்ணிட்டீங்கன்னா அவரு குத்தத்தை ஒத்துக்கிட்டு ஜெயிலுக்குப் போவாரு. முடியாதுன்னா கேஸை வாபஸ் வாங்கோணும்!"

"சரி," என்றான்.

அந்தப் படியில் பொய்ச் சத்தியம் செய்தவன் வம்சம் துலங்காது. எங்கள் சீமையில் அதற்குத் துணிந்தவனை நான் கேள்விப்பட்டதே இல்லை. இவன் பாதி வழியிலேயே திரும்பிவிடுவான் என்றுதான் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை நானும் என் புருஷனும் மருதாசலமும் மலை ஏறினோம். எனக்குக் கால் பாவவில்லை. நாலு படி முன்னால் ஓடுவேன், நின்று அவன் முகத்தைப் பார்ப்பேன், மறுபடி ஓடுவேன். மருதாசலம் அவன் பாட்டுக்கு ஏறி வந்தான். அறுபதாம் படியில் சத்தியத்துக்குக் கற்பூரம் கொளுத்தினோம்.

"தீ வெச்சது செங்கோட்டையந்தான். நாங் கண்டேன்," என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தான். ஐயோ, அவன் கை நடுங்கவேயில்லையே!

என் புருஷன் பக்கம் திரும்பினேன். கேட்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தேன். வந்துவிட்டது.

"ஏனுங்க... அன்னைக்கு நான் நடுவுல கண்ணசந்துட்டனுங்களா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"மாஜிஸ்திரேட்டு நம்பாதது பெருசில்ல, புள்ளே. நீயுமா?" என்றார். "வா, போயி ஒத்துக்கறேன்."

எனக்காக நிற்காமல் கீழே இறங்கத் தொடங்கினார்.