ஓட்டட்டுமா

"அதுக்குத்தான் சொல்றேன், அவளைப் பின்னாடி நிக்க வையுங்க. முன்னாடி நின்னா ஃபோட்டோவுல கட்டை தெரியும்."

"கட்டை இல்ல அத்தே. ஸ்டிக்."

"ஏதோ ஒண்ணு. நாளைக்குப் படத்தைப் பாக்கறவன் எதைப் பாப்பான்? பெட்டியில படுத்திருக்கற எந்தம்பியையா, உன் காலையா?"

"ரெண்டையும் பாக்கட்டும். டிக்கெட்டா வாங்கறான்?"

அனிதா நகரவில்லை. பெட்டியின் தலைமாட்டில், அப்பாவின் வலது காதுக்கு நேராக, ஸ்டிக்கைத் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டு நின்றாள். ஜெயராணி அத்தை தன் முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி அவளுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். அத்தை அகலமானவள். இப்போது ஸ்டிக் தெரியாது. அனிதாவும் தெரியமாட்டாள்.

"கொஞ்சம் சீக்கிரம்மா, ஃபாதர் கெளம்பிட்டாராம்," என்றான் நாற்காலி மேல் ஏறி நின்ற ஃபோட்டோக்காரன். "எல்லாரும் அய்யாவைப் பாருங்க."

எல்லோரும் அய்யாவைப் பார்த்தார்கள். லூர்துநாதன் மூக்கில் பஞ்சோடு, கட்டிய தாடையோடு, வெள்ளைத் துணிக்குள் படுத்திருந்தார். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே ஆயுசு முழுக்க அரசுப் பேருந்து ஓட்டியவர். நேற்றுக் காலை முதுநகர் மீன் மார்க்கெட்டிலிருந்து வந்து, நண்டுப் பையை அடுப்படியில் வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தார். "சின்ன நண்டா பாத்து எவன் தலையில கட்டினான்?" என்று மனைவி ஆரோக்கிய ராணி உள்ளேயிருந்து கேட்டாள். பதில் வரவில்லை. முதல் தடவை கேட்டதற்கு அவர் என்றைக்குமே பதில் சொன்னதில்லை என்பதால், அவள் நண்டைக் கழுவி, ஓட்டை உடைத்து, அத்தனை நேரமும் அவரைத் திட்டிக்கொண்டே இருந்தாள். மஞ்சள்தூள் போட்ட கையோடு வெளியே வந்தபோதுதான் தெரிந்தது.

ஃபோட்டோ எடுத்து முடிந்ததும் கூட்டம் கலைந்தது. அத்தை மட்டும் திரும்பினாள். விடுவதாக இல்லை.

"உன் இடுப்பு ஒடஞ்ச அன்னிக்கே எந்தம்பி நெஞ்சும் ஒடஞ்சி போச்சு. ஊரே சொல்லுது."

"நெஞ்சு ஒடையல அத்தே. ரத்தக்கொழாய்ல அடைப்பு. வருஷக் கணக்கா பீடி புடிச்சாரு. அதை ஊரு சொல்லலியா?"

"வாயைப் பாரு. காலு போனாலும் வாயி போவல."

அனிதாவுக்குப் பதில் வாயில் தயாராக இருந்தது. ஆனால் சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்த அம்மா தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அழுகை கொஞ்சமும் இல்லை. அனிதா ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

பந்தலுக்கு அடியில் காக்கிச் சட்டைகள் உட்கார்ந்திருந்தன. டிப்போ ஆட்கள். அப்பாவோடு ஒரே பஸ்ஸில் ஓடிய கண்டக்டர் அய்யனார் மாமா எழுந்து நாற்காலி கொடுத்தார்.

"உக்காரும்மா. உங்கப்பன் ஓட்டுன வண்டியில ஒரு கோழிக்குஞ்சு செத்ததில்ல. அந்த மனுசனுக்குப் போயி உன்னை மாதிரி ஒரு பொண்ணு."

"நானும் கோழியெல்லாம் அடிச்சதில்ல மாமா."

"ஆமா, நீ நேரா மலையையே அடிச்சுட்ட."

மலை இல்லை, மண்மேடு. கம்மாபுரத்துப் பக்கம், சுரங்கத்திலிருந்து தோண்டிக் கொட்டிய செம்மண், வருஷக்கணக்கில் இறுகி மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. அங்கேதான் அனிதாவும் அவள் கூட்டாளிகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் டர்ட் பைக் ஓட்டினார்கள். தாவும் மேட்டில் ஏறி, வண்டியும் அவளுமாகக் காற்றில் நிற்கும் அந்த ஒரு மூச்சு நேரத்துக்காகத்தான் அவள் வாரம் முழுவதும் சிதம்பரத்து ஸ்கேன் சென்டரில் மற்றவர்களின் எலும்பைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். போன மாசி மாதம் காற்றில் நின்றவள் ஒரு முழம் முன்னதாகவே இறங்கிவிட்டாள். இடுப்பு மூட்டும் தொடை எலும்பும் போயின. அறுவை செய்த டாக்டர் சென்ற மாதம் சொன்னார்: "ஓட்டலாமான்னு கேட்டா, ஓட்டலாம். மறுபடி அங்கேயே அடிபட்டா மூட்டையே மாத்தணும். அப்புறம் நடக்கறதோட சரி. ஓட்டணுமான்னு நீதான் சொல்லணும்."

அதை அவளால் சொல்ல முடியவில்லை. ஹாஸ்டலிலிருந்து போகும் மினிபஸ் வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் அவள் கை தானாகக் கம்பியை இறுக்கிக்கொண்டது. பயம் என்று அதற்குப் பெயர் வைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. போன வாரம் ஞாயிறன்று அப்பாவுக்கு போன் போட்டாள். "நான் வுட்டுடலாம்னு பாக்கறேன்பா." அந்தப் பக்கத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் டிவிதான் பேசியது. பிறகு அப்பா, "அடுத்த வாரம் வர்ற இல்ல? வா. பேசிக்கலாம்," என்றார்.

வந்துவிட்டாள். பேசிக்கொள்ளலாம் என்று சொன்ன மனுஷன் வாயைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறார். நேற்றிலிருந்து அவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. யாரையாவது அடிக்க வேண்டும் போலத்தான் இருந்தது. முதலில் அப்பாவை.

தெரு முனையில் மூன்று வண்டிகள் வந்து நின்றன. செம்மண் காய்ந்த சக்கரங்கள். அவளோடு மண்மேட்டில் ஓட்டுகிற, வண்டி ஷெட் வைத்திருக்கும் அன்புமணியும் இரண்டு பையன்களும் ரோஜா மாலையோடு இறங்கினார்கள். பந்தலில் இருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு வண்டிகளைப் பார்த்தார்கள். கொலைகாரனைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். அன்புமணி உள்ளே போய் மாலையை வைத்துவிட்டு, கைகட்டி நின்று, வெளியே வந்து அனிதாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தினான்.

"இங்க பேசற விசயம் இல்லதான்," என்றான்.

"அப்ப பேசாத."

"வண்டி ரெடி பண்ணிட்டேன். முன்னாடி ஃபோர்க்கு மாத்தியாச்சு. நெய்வேலிப் பையன் ஒருத்தன் வெலைக்குக் கேக்கறான். உனக்கு வேணும்னா ஒரு வார்த்தை சொல்லு, அவனை அனுப்பிடறேன். வேணாம்னாலும் சொல்லு. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

"பொணத்தை எடுக்கறதுக்குள்ள சொல்லணுமா?"

"கோவப்படாத. உங்கப்பா போன வாரம் ஷெட்டுக்கு வந்திருந்தாரு."

அனிதா திரும்பிப் பார்த்தாள்.

"புதங்கெழமை. பஸ்ஸு புடிச்சி வந்தாரு. உன் வண்டிகிட்ட போயி சுத்திச் சுத்திப் பாத்தாரு. ‘அவளுக்கு எடது காலு ஒரு இஞ்சு கொறஞ்சிருக்கு, இப்ப ஏறி உக்காந்தா தரையில எட்டுமாடா?'ன்னாரு. கஷ்டம் மாமான்னேன். ‘சீட்டை எறக்க முடியுமா?'ன்னாரு. எறக்கலாம்னேன்."

"எறக்கச் சொன்னாரா?"

"இல்ல. கொஞ்ச நேரம் உக்காந்திருந்தாரு. டீ குடிச்சாரு. போவும்போது, ‘எறக்கிடாத, சும்மாத்தான் கேட்டேன்'னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

அவளுக்கு ஸ்டிக்கைத் தூக்கி எங்கேயாவது வீசவேண்டும் போலிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் விட்டுவிடுகிறேன் என்கிறாள். புதன்கிழமை இவர் பஸ் பிடித்துப் போய் சீட்டை இறக்க முடியுமா என்று கேட்கிறார். அவளிடம் கேட்கவில்லை, அன்புமணியிடம் கேட்கிறார். அப்புறம் இறக்காதே என்கிறார். எந்தப் பக்கம் திரும்பப்போகிறேன் என்று கையைக் காட்டாமலே வண்டியைத் திருப்பிவிட்டுப் போய்விட்டார், வாழ்நாள் முழுக்க விதிப்படி ஓட்டிய மனுஷன்.

"ஃபாதர் வந்தாச்சு," என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

இளவயது சாமியார். அங்கியைச் சரிசெய்துகொண்டே செருப்பைக் கழற்றினார். உபதேசியார் பாட்டை ஆரம்பிக்க, கூட்டம் இழுத்து இழுத்துப் பாடியது. தீர்த்தம் தெளிக்கப்பட்டது. பெட்டியை மூடுவதற்கு முன், இறந்தவருக்குப் பிரியமானவற்றைக் கூட வைப்பார்கள். அண்ணன் லூர்து பிரகாஷ், ஓசூரிலிருந்து இரவோடு இரவாக வந்தவன், அப்பாவின் மூக்குக்கண்ணாடியைச் சட்டைப் பையில் செருகினான். அய்யனார் மாமா தன் விசிலைக் கழற்றி வைத்தார். "ரைட்டு போங்க, டிரைவரே," என்றார்.

பிறகு ஒவ்வொருவராகக் குனிந்து முத்தமிட்டு, முத்தி செய்தார்கள். அனிதாவின் முறை வந்தது. குனிவதற்கு இடுப்பு விடவில்லை. பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கெட்ட காலைப் பின்னால் நீட்டி, மெல்ல இறங்கி, அப்பாவின் நெற்றியில் உதடு வைத்தாள். குளிர்ந்திருந்தது. நிமிரும்போதுதான் கால்மாட்டில் வெள்ளைத் துணி புடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். கால்விரல்கள் அப்படிப் புடைக்காது. துணியை விலக்கினாள்.

அவளுடைய ஹெல்மெட். ஆரஞ்சு நிறம், முன்னால் நீண்ட அலகு, இடது பக்கத்தில் மண்மேட்டில் தேய்ந்த நீளக் கீறல். அன்றைக்கு டாடா ஏஸ் வண்டியின் பின்னால் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "யாரும் இதைக் கழட்டக்கூடாது, டாக்டருதான் கழட்டணும்," என்று ஓட்டத்தைப் பார்க்க வந்திருந்த அப்பா சிதம்பரம் வரைக்கும் கத்திக்கொண்டே வந்தது இதைப் பற்றித்தான்.

"யாரு வச்சது?"

பாட்டு நின்றது. அண்ணன் தரையைப் பார்த்தான்.

"நாந்தான்," என்றாள் அம்மா.

"இது என்னுது."

"அவருக்குப் புடிச்சதெல்லாம் வைக்கச் சொன்னாங்க. வச்சேன். வாரா வாரம் பீரோ மேலேருந்து எறக்கி இதைத்தான் தொடச்சாரு. கட்டின நாள்லேருந்து எங்கண்ணாடியை ஒருக்கா தொடச்சிக் குடுத்திருப்பாரா?"

பின்னால் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது.

"அனிதா, அப்படியே வுடு," என்று அண்ணன் அவள் தோளைத் தொட்டான். "அப்பா மேல கைய வச்சி, இனிமே ஓட்டலன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. அம்மா மனசு ஆறும். மேட்டர் ஓவர்."

"கையை எடு. நீ மொதல்ல உன் மாமியார் வூட்டு மேட்டரை ஓவர் பண்ணு."

"சாவு வூட்ல என்னாடி பேச்சு இது!" என்றாள் அத்தை.

"சாவு வூட்லதான் அத்தே எல்லாரும் பேசறீங்க. நான் மட்டும்தான் பேசக்கூடாதா?" அவள் குரல் பந்தல் வரைக்கும் போயிற்று. அம்மாவின் பக்கம் திரும்பினாள். "நான் வுடறதாத்தான் இருந்தேன். தெரியுமா உனக்கு? இப்ப நீ இதை மண்ணுல போட்டுப் பொதைச்சா நான் வுட்டதா ஆவாது. நீ புடுங்குனதாத்தான் ஆவும். அப்புறம் நான் செத்தாலும் ஓட்டித்தான் சாவேன்."

"வுடறதா இருந்தியா?"

"ஆமா."

"யாருகிட்ட சொன்ன?"

"அப்பாகிட்ட."

அம்மா எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, பாயில் கால் சிக்கி, உதறி எழுந்தாள். பெட்டிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். இருவருக்கும் நடுவே லூர்துநாதன்.

"அப்பாகிட்ட," என்றாள். "வண்டி வாங்கறப்ப அப்பாகிட்ட. ரேஸுக்குப் போறப்ப அப்பாகிட்ட. வுழுந்தப்ப அப்பா மடியில. வுடறதையும் அவருகிட்டத்தான் சொல்லியிருக்க. உனக்கு பெட்பேன் வச்சி எடுத்தது யாருடி? ராத்திரியெல்லாம் பொரட்டிப் படுக்க வச்சது யாரு? நீ வலியில கடிச்ச பல்லு தடம் இன்னமும் இந்தக் கையில கெடக்கு, பாக்கறியா?"

"நீ வேணாம்னுதான் சொல்லியிருப்ப."

"சொல்லியிருப்பனா? உனக்கு எப்படித் தெரியும்? என்னிக்காவது கேட்டியா?"

வாசலில் பேண்டு செட்டுக்காரன் ஒருவன், உள்ளே நடப்பது தெரியாமல், டிரம்மை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தான். சாமியார் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பார்த்ததற்காக வருந்தியவர்போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பெட்டிக்காரர் மூடியைத் தன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி நின்றிருந்தார்.

அம்மா குனிந்தாள். ஹெல்மெட்டை இரண்டு கையாலும் வெளியே எடுத்தாள். அது இருந்த இடத்தில் கலைந்திருந்த துணியை இழுத்து, புருஷனின் பாதங்களை ஒழுங்காக மூடினாள். யாருக்கும் அதைக் கொடுக்கவில்லை. பிள்ளையைப் பிடிப்பதுபோல வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப அவரு இல்ல," என்றாள். "எங்கிட்ட கேளு. ஒருக்கா எங்கிட்ட கேளுடி."

பெட்டிக்காரரின் உள்ளங்கையில் இருந்த திருகாணிகளில் ஒன்று நழுவி, சிமெண்டுத் தரையில் உருண்டு, பாய்க்கு அடியில் போய் நின்றது. யாரும் அதை எடுக்கக் குனியவில்லை.