துரைக்கு ஹிந்தி தெரியாது

ஜனக்புரியில் அந்த ப்ளாக்கின் குடியிருப்போர் நலச் சங்கம் மாதம் பிறந்தால் வாட்ஸப் குரூப்பில் ஒரு செய்தி மடல் போடும். தண்ணீர்த் தொட்டி என்றைக்குக் கழுவுவார்கள், பூங்காவில் யோகா எப்போது, யார் வீட்டுப் பிள்ளைக்கு மெடல், யார் காலமானார் என்று சகலமும் ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் இருக்கும். செயலாளர் பூவராகவன் ஸ்ரீமுஷ்ணத்துக்காரர். ஆகையால் கடைசியில் நாலு வரி தமிழும் இருக்கும். அதைப் படிக்கிற தமிழர்கள் அந்த ப்ளாக்கில் எத்தனை பேர் என்று மட்டும் கேட்கக் கூடாது. மனுஷனுக்கு ஆசை, போட்டுக்கொள்ளட்டுமே.

போன பொங்கல் மடலில் அந்த நாலு வரியும் துரையைப் பற்றித்தான். படத்தோடு போட்டிருந்தார். "நமது தெருக் காவலர் துரைக்கு ஹிந்தி தெரியாது. தமிழில், அதுவும் மரியாதையாகக் கூப்பிட்டால்தான் வருவார்." துரை ஒரு தெருநாய். கறுப்பு உடம்பு, முன்னங்கால் இரண்டும் வெள்ளை. வாசற்படியில் கால்மேல் கால் போட்டு அவன் உட்காரும் தோரணையைப் பார்த்துத்தான் அங்கே மாடியில் குடியிருக்கும் சுபாஷிணியின் கணவர் அச்சுதன் அந்தப் பெயரை வைத்தார்.

அச்சுதன் திருநெல்வேலிக்காரர், கிண்டல் பிடித்த மனுஷன். ஆபீஸிலிருந்து வந்து ஸ்கூட்டரை நிறுத்தியதும், "வாங்க துரை, சாப்பிட்டாச்சா?" என்பார். துரை வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வருவான். பிஸ்கட் கிடைக்கும். பக்கத்து வீட்டு சர்தார்ஜியோ வாசல் காவலாளியோ "ஆ ஜா, ஆ ஜா" என்று எத்தனை குழைந்து கூப்பிட்டாலும் துரை திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். தெருவே சிரிக்கும். டெல்லியில் பிறந்த பிள்ளைகளே அம்மாவிடம் ஹிந்தியில் பதில் சொல்கிற காலத்தில் ஒரு நாயாவது தமிழில் நிற்கிறதே என்று பூவராகவனுக்குப் பெருமை தாங்காது.

கொரோனாவின் இரண்டாவது அலையில் அச்சுதன் போய்விட்டார். அந்த நாட்களில் சொந்தக்காரர்களே போனை எடுக்கவில்லை. பூவராகவன்தான் முகக்கவசத்தைக் கட்டிக்கொண்டு ஆக்ஸிஜன் சிலிண்டருக்காக ஊரெல்லாம் அலைந்தார், வரிசையில் நின்றார், கொண்டும் வந்தார். அப்படியும் ஆள் தங்கவில்லை. தங்காவிட்டால் என்ன, அவர் அலைந்ததை சுபாஷிணியால் மறக்க முடியுமா?

முன்பெல்லாம் துரை வாசலில் ரோமம் உதிர்க்கிறது என்று அவள் சண்டை பிடித்தவள்தான். அச்சுதன் போன பிறகு ஒரு சாயங்காலம் பார்த்தால், ஸ்கூட்டர் நிற்கும் இடத்தில் துரை காத்துக்கொண்டு கிடந்தான். அவள் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, "வாங்க துரை, சாப்பிட்டாச்சா?" என்றாள். அன்றிலிருந்து அது தினசரி வழக்கமாகிவிட்டது. மகள் ஸ்நேஹா பெங்களூரில் இருக்கிறாள், போனில் பேசினாலும் பாதிக்கு மேல் ஹிந்திதான். வீட்டில் வாய்விட்டுத் தமிழ் பேச சுபாஷிணிக்கு வேறு யார் இருந்தார்கள்? தவிர, அந்த வார்த்தைகளைச் சொல்லும்போது அச்சுதனே பக்கத்தில் நின்று சொல்வது போல இருக்கும். உள்ளதைச் சொன்னால், அதற்காகத்தான் அவள் சொன்னாள்.

இப்படி இருக்கையில் மார்க்கெட் பக்கத்துச் செம்பட்டை நாய் ஒன்று ட்யூஷன் விட்டு வந்த குழந்தையைக் கடித்துவிட்டது. அவ்வளவுதான், குரூப் பற்றிக்கொண்டது. நாய்க்குச் சோறு போடுகிறவர்களை முதலில் ப்ளாக்கை விட்டு அனுப்ப வேண்டும் என்று ஒருவர், நாயைத் தொட்டால் கோர்ட்டுக்குப் போவேன் என்று இன்னொருவர். காலை வணக்கமும் ரோஜாப்பூவும் தவிர வேறெதுவும் போட்டறியாதவர்கள்கூட வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார்கள். முடிவில் சங்கம் ஒரு தனியார் வண்டியை ஏற்பாடு செய்தது. கடிக்கிற நாயை அப்புறப்படுத்துவார்கள், மற்றவற்றுக்கு ஊசி போட்டுத் திரும்ப விடுவார்கள் என்று அறிவிப்பு வந்தது.

வண்டி வந்த அன்று முற்பகலுக்குள் எல்லா நாய்களும் அகப்பட்டுவிட்டன, துரையைத் தவிர. நிறுத்தியிருந்த கார்களுக்கு அடியில் புகுந்துகொண்டு அசையவில்லை. "ஆ ஜா, ஆ ஜா" என்று கெஞ்சினார்கள், கோழித்துண்டைக் காட்டினார்கள். துரையாவது, மசிவதாவது! பூவராகவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சுபாஷிணி வீட்டு மணியை அடித்தார்.

"சுபாம்மா, ஒரு உபகாரம் பண்ணணும். நம்ம துரைய மட்டும் பிடிக்க முடியல. நீங்க ஒரு குரல் குடுத்தாப் போதும்."

"எங்கயும் கொண்டுபோயி விட்டுர மாட்டாவளே அண்ணாச்சி?"

"சேச்சே, என்ன பேச்சு இது! ஊசியப் போட்டு சாயங்காலமே கொண்டாந்து விட்டுடுவாங்க. நான் பொறுப்பு."

சிலிண்டருக்காக வரிசையில் நின்ற மனுஷன் வாசலில் வந்து நிற்கும்போது எப்படி மாட்டேன் என்பது? பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு இறங்கினாள். கீழே போனால் தெருவே கூடி நின்றது. பால்கனி தோறும் தலைகள். சில பேர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். இத்தனை பேர் கூப்பிட்டு வராதவன் தன் ஒரு சொல்லுக்கு வரப்போகிறான் என்று அவளுக்குள் சின்னதாக ஒரு கர்வம் எட்டிப் பார்த்தது. பின்னால் அவளைத் தின்றது அந்தக் கர்வம்தான்.

"வாங்க துரை, சாப்பிட்டாச்சா?"

காருக்கடியிலிருந்து முதலில் மூக்கு வந்தது, பிறகு வெள்ளைக் கால்கள். அடுத்த நொடி உடம்பையே ஆட்டிக்கொண்டு ஓடி வந்தான். அவள் மண்டியிட்டு உட்கார்ந்தாள். மடியில் தலையை வைத்தான். "நல்ல துரைல்லா," என்று காதைத் தடவிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து கம்பிச் சுருக்கு கழுத்தில் விழுந்து இறுகியது. துரை வீறிட்டான். பால்கனிகளில் கைதட்டினார்கள். ஆமாம், கைதட்டினார்கள். சுருக்கைப் பிடித்த ஆளை துரை பார்க்கவே இல்லை. இழுபட்டுக்கொண்டே போகையில் அவளையேதான் பார்த்தான். "ஒண்ணுமில்ல துரை, ஊசிதான், ஊசிதான்," என்று அவள் வண்டி வரைக்கும் கூடவே ஓடினாள்.

சாயங்காலம் துரை வரவில்லை. நாளைக்கு என்றார்கள். மறுநாள் கேட்டால் அதற்கு அடுத்த நாள். அப்புறம் வண்டிக்காரன் போனை எடுப்பதையே விட்டுவிட்டான். பூவராகவனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. வாசலில் வந்து நின்று, "நான் நம்பித்தாம்மா சொன்னேன்," என்றார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அவரைத் திட்டவாவது முடிந்திருந்தால் பாரம் கொஞ்சம் குறைந்திருக்கும். கூப்பிட்டது யார்? அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மேல்வீட்டில் வாடகைக்கு இருந்த ஆரிப் வாணியம்பாடிக்காரன், டிவி சேனலில் வேலை. நாலு இடத்தில் விசாரித்து, ஒரு வாரம் போலக் கழித்து அவன்தான் துப்பு கொண்டு வந்தான்.

"அக்கா, நஜஃப்கர் தாண்டி ஒரு காப்பகத்துல அடைச்சு வெச்சிருக்காங்க. நம்ம நாய்னு எழுதிக் குடுத்து, வீட்டுக்குள்ள வெச்சு வளர்க்கிறோம்னா விட்டுடுவாங்களாம். சனிக்கிழம போயிடலாம்."

சுபாஷிணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அச்சுதனுடைய பழைய போர்வையைத் துவைத்து பால்கனியில் விரித்தாள். கடைக்குப் போய்க் கழுத்துப்பட்டையும் சாப்பாட்டுக் கிண்ணமும் வாங்கினாள். இனி துரை தெருநாய் இல்லை, வீட்டு நாய். ரோமம் உதிர்ந்தால் உதிரட்டும், சோபாவிலேயே படுக்கட்டும், யார் கேட்பது! சனிக்கிழமை காலை தயிர்சாதத்தைக் குழையப் பிசைந்து டப்பாவில் எடுத்துக்கொண்டாள். காரில் போகும்போது துரை எப்படிப் பாய்ந்து வருவான், எங்கெங்கே நக்குவான் என்று ஆரிப்பிடம் வழியெல்லாம் பேசிக்கொண்டே போனாள்.

காப்பகம் என்றால் ஒரு தகரக் கொட்டகை, கம்பிவலை அடைப்பு, உள்ளே நாய்கள், நாய்கள், நாய்கள். சத்தத்தில் காது கிழிந்தது. அங்கிருந்த ஆள் அலுப்போடு ஹிந்தியில் சொன்னான்: "தினம் நாலு பேர் வந்து என் நாய், என் நாய் என்கிறார்கள் மேடம். உங்கள் நாய் என்றால் கூப்பிடுங்கள். வந்தால் கூட்டிக்கொண்டு போங்கள்."

இது ஒரு பரீட்சையா! அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அதோ, சுவரோரம் வெள்ளைக் கால்கள். இளைத்திருந்தான். கழுத்தைச் சுற்றி ரோமம் போய்ச் சிவந்திருந்தது. அவள் வலையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"வாங்க துரை, சாப்பிட்டாச்சா?"

துரையின் காது நிமிர்ந்தது. எழுந்து நின்றான். அவளைப் பார்த்தான். பிறகு வாலைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு பின்னுக்குப் போனான். சுவர் முட்டியும் நிற்காமல் இன்னும் பின்னுக்குப் போகப் பார்த்தான். உடம்பு வெடவெடவென்று நடுங்கியது.

"துரை, நான்தாம்ல. வாங்க... சாப்பிட்டாச்சா?"

துரை நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டான்.

"உங்களுடையது இல்லை மேடம். அதற்கு உங்களைத் தெரியவே இல்லை," என்றான் அந்த ஆள்.

தெரியாமலா? தெரிந்ததால்தானே இந்த நடுக்கம்! அந்தக் குரல் வந்தது, அந்த வார்த்தை வந்தது, மடி கிடைத்தது, கழுத்தில் கம்பி விழுந்தது. ஒரு வாயில்லா ஜீவன் இதற்கு மேல் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்? சுபாஷிணி வலையை விட்டுவிட்டு நகர்ந்து, தகரத் தட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"தம்பி, நீ கூப்பிட்டுப் பாரு. எங்க வீட்டு அவ்வோ கூப்பிடுத மாதிரியே கூப்பிடு."

"நானாக்கா?"

"கூப்பிடுடா, ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

ஆரிப் தயங்கித் தயங்கி, "வாங்க துரை, சாப்பிட்டாச்சா?" என்றான்.

துரை அசையவில்லை. அவன் இன்னொரு தரம் சொன்னான். தட்டியின் இடுக்கு வழியே அவள் பார்த்தாள். துரை ஓர் அடி வைத்தான், நின்றான், மோந்தான். பிறகு தாழ்ந்து தாழ்ந்து வலைவரைக்கும் வந்து ஆரிப்பின் விரலை நக்கினான். ஆண்குரலில் அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை வருஷமாயிற்று அவனுக்கு! அவளுக்கும்தான். அவள் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள்.

எழுதிக் கொடுத்துவிட்டு, ஆரிப் துரையைக் கயிற்றில் கட்டிக் கூட்டிக்கொண்டு காரண்டை வந்ததும் மறுபடி தொல்லை. அவள் கதவைத் திறக்கப் போனதும் துரை நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு இழுத்தான். மூச்சு திணறியது. அவள் சட்டென்று ஒதுங்கி, கழுத்துப்பட்டையையும் சாத டப்பாவையும் காரின் கூரைமேல் வைத்தாள்.

"நீ கூட்டிட்டுப் போ தம்பி. நான் பஸ்ல வாரேன்."

"என்னக்கா பேசறீங்க! இங்கேர்ந்து பஸ் எப்ப வரும்னே தெரியாது. ரெண்டு நாள்ல சரியாயிடுவான்."

"ரெண்டு நாள் கழிச்சுப் பாத்துக்கிடலாம். இப்ப அவன் பயப்படாம வீடு சேரணும். ஒன் வீட்லயே வச்சுக்க. சோறு நான் குடுத்து விடுதேன். நான் பொங்குனதுன்னு அவனுக்கா தெரியப்போவுது?"

கார் போயிற்று. புழுதி அடங்கும்வரை நின்றாள். ரெண்டு நாள் என்றாளே தவிர, அவளுக்குப் புரிந்துவிட்டது. படிக்கட்டில் அவன் காலடி கேட்டால் இனி அவள் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். அச்சுதன் விட்டுப்போன அந்த ஒரு வார்த்தையை இனி அவள் வாய்விட்டுச் சொல்லவே கூடாது, சொன்னால் ஒரு உயிர் நடுங்கும். புருஷனைப் பறிகொடுத்த அன்றுகூட இப்படி ஒன்றுமில்லாமல் நின்றதாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தபோது பூவராகவன் போனில் வந்தார்.

"கெடச்சானா சுபாம்மா?"

"கெடச்சாச்சு அண்ணாச்சி. ஆரிப் கூட்டிட்டு வாரான்."

"அப்பாடா! பெருமாளே!" அவர் அழுகிறார் என்று தெரிந்தது. "ஒரு வாரமா நான் நானாவே இல்லம்மா. இப்பவே குரூப்புல போட்டுடறேன். உங்க குரலக் கேட்டதும் எப்படி ஓடியாந்திருப்பான்! சொல்லுங்க, அதையும் எழுதிடறேன்."

சுபாஷிணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆமா அண்ணாச்சி, கேட்டதும் ஓடியாந்தான். மடியில வந்து படுத்துக்கிட்டான். அப்படியே எழுதுங்க," என்றாள்.