ஐந்தாவது கூக்குரல்

குறை கண்டுபிடிப்பதுதான் என் தொழில். அரிசி பிஸ்கட் தொழிற்சாலையில் பெல்ட்டுக்கு முன்னால் நின்று உடைந்தது, கருகியது, ஓரம் போனது என்று பொறுக்கி எறிவேன். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. வீட்டுக்கு வந்தாலும் இந்தக் கண் ஓயாது. கணவர் என்னை விட்டுப் போனதற்கும் இந்தக் கண்தான் காரணம் என்று என் அக்கா சொல்வாள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அவர் போன பிறகு மாலைப் பொழுதுக்கு எனக்குக் கிடைத்த துணை, இணையத்தில் உலகச் செய்தி பேசும் ஒரு அரட்டைப் பக்கம். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. நான் அங்கே ‘சல்லடை’. என்னோடு ஓயாமல் மல்லுக்கட்டும் ஒருவன் ‘நண்டு’. எந்த ஊரில் போர், எந்த நாட்டில் வெள்ளம், எந்த அமைச்சர் எதை உளறினார் என்று ஆயிரம் பேர் கூடிக் கத்துவோம். ஒருமுறை எங்கோ ஒரு நாட்டு வெள்ளத்தில் ரயில் மூழ்கியதாக ஒரு படம் வந்து எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். நான் அரை மணி நேரம் உட்கார்ந்து தேடி, அது ஒன்பது வருடத்துக்கு முன்னால் வேறொரு நாட்டில் எடுத்த படம் என்று கண்டுபிடித்துப் போட்டேன். அன்றிலிருந்து எனக்கு மவுசு. சந்தேகமான படம் எது வந்தாலும், “சல்லடை எங்கப்பா? கூப்பிடுங்க அந்தம்மாவ” என்பார்கள். நான் வந்து ‘பொய்’ என்று ஒரு சிவப்பு முத்திரை போடுவேன். நேரில் என்னை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை. அதனால் அந்தக் கூப்பாடு எனக்கு இனித்தது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

இந்த வருடம் பிப்ரவரியில் ஒரே வாரத்தில் இரண்டு முறை எல்லாருடைய கைப்பேசியும் நிலநடுக்கம் என்று அலறியது. இரண்டு முறையும் ஒன்றும் வரவில்லை. அரட்டையில் கேட்க வேண்டுமா?

“எங்க வீட்டு அலாரம் கூட இதவிட யோக்கியம்” என்று எழுதினான் நண்டு. “நான் சூப்பு கிண்ணத்தோட மேஜைக்கு அடியில போய் உக்காந்தேன். சூப்புதான் ஆடுச்சு, பூமி ஆடல.”

“பத்துல ஒண்ணு நிஜமா இருந்தாலும் லாபம்தானே நண்டு? போய் மறுபடியும் உக்காரு” என்றேன் நான்.

“நீயா சொல்ற? ஊரு ஒலகத்துல எல்லாத்துக்கும் ஆதாரம் கேக்குறவ!”

“அலறுறது மெஷினு. மனுஷன் அலறினாத்தான் நான் ஆதாரம் கேப்பேன்.”

இதற்கு முந்நூறு பேர் கைதட்டினார்கள். நானும் பெருமையாக இரண்டு தரம் படித்துப் பார்த்துக்கொண்டேன்.

மூன்றாவது அலறல் வெள்ளிக்கிழமை மதியம் மூன்று பத்துக்கு வந்தது. நான் அப்போதுதான் வேலை முடிந்து வந்து கால் நீட்டியிருந்தேன். எங்கள் நகரத்தில் விளக்கு ஆடியது, அலமாரியிலிருந்து இரண்டு தட்டு விழுந்தது, அவ்வளவுதான். ஆனால் வடக்கே, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மலைக் கிராமங்களில் வீடுகள் அப்படியே உட்கார்ந்துவிட்டன. பனி கனத்துக் கிடந்த கூரைகள் வேறு.

அரை மணி நேரத்தில் கூக்குரல்கள் வரத் தொடங்கின. ‘மாட்டிக்கொண்டேன், காப்பாற்றுங்கள்’ என்று முகவரியோடு வந்த பதிவுகளை அரட்டை ஆட்கள் அள்ளிக் கொண்டுவந்து கொட்டினார்கள். முதலாவது முகவரியில் அப்படி ஒரு தெருவே இல்லை. இரண்டாவது, அதையே வேறொருவன் நகலெடுத்துப் போட்டது. அவன் நம் நாட்டிலேயே இல்லாதவன். நிறையப் பேர் பார்த்தால் காசு வரும் என்று செத்தவர்கள் மேல் ஏறி நிற்கிற ஈனப்பயல். மூன்றும் நான்கும் அதே கூட்டம். நான்குக்கும் முத்திரை போட்டேன். வடக்கே ஒரு ஊரின் தன்னார்வத் தீயணைப்புக்காரர் ஒருவர், “நன்றி. இல்லாத தெருவைத் தேடிப் போக இருந்தோம். உங்கள் முத்திரையைப் பார்த்துத்தான் போகிறோம்” என்று எழுதினார். நெஞ்சு நிமிர்ந்துவிட்டது எனக்கு. தேநீர் ஆறிப்போனது கூடத் தெரியவில்லை.

ஐந்தாவது நான்கு இருபத்து மூன்றுக்கு வந்தது.

‘வீடு விழுந்துவிட்டது. கால் மேல் உத்தரம். பேச முடிகிறது. சகாமோரி, கோயில் படிக்குக் கீழே மூன்றாவது வீடு. படத்தில் இருக்கும் வீடு. தயவுசெய்து வாருங்கள்.’

கூடவே ஒரு படம். ஓடு வேய்ந்த வீடு, கூரையின் ஓரத்தில் தோலுரித்த பெர்சிமன் பழங்கள் சரம் சரமாகக் காயத் தொங்குகின்றன. தரையில் பனி என்று ஒரு பொட்டுக்கூட இல்லை.

இலையுதிர் காலத்தில் காயப்போடுகிற பழம் பிப்ரவரியில் ஏது? ஏது பனியில்லாத தரை? எனக்குச் சிரிப்பே வந்தது. அந்தக் கணக்கைத் திறந்து பார்த்தேன். மூன்று வருடத்துக் கணக்கு, ஒரு வரி எழுதியதில்லை. இதுதான் முதல் பதிவு. படத்தைத் தேடுபொறியில் போட்டேன். நான்கே நிமிடத்தில் சிக்கியது. அந்தப் பக்கத்துக் காய்கறிச் சந்தை ஒன்றின் இணையப் பக்கத்தில் மூன்று வருடத்துக்கு முன்னால் வந்த படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சிவப்பாகப் ‘பொய்’ என்று போட்டேன். மணி நான்கு நாற்பத்தொன்று. அதோடு விட்டேனா? அந்தப் பதிவின் கீழேயே போய் எழுதினேன்: ‘திருட்டுப் படம். நிஜமென்றால் இப்போதே ஒரு படம் எடுத்துப் போடு, பார்க்கலாம்.’

“சபாஷ் சல்லடை!” என்றான் நண்டு. “சாவுலயும் வியாபாரம் பண்றானுங்க பாரு.”

மற்றவர்களும் அங்கேயே வந்து திட்டினார்கள். செத்துப்போ என்று எழுதினவர்கள் நாற்பது பேருக்குக் குறையாது. ஐந்து மணி வாக்கில் அந்தப் பக்கத்துக் கைப்பேசிக் கோபுரங்கள் அணைந்துபோய், வடக்கிலிருந்து எல்லாப் பேச்சும் நின்றது. நான் நூடுல்ஸ் செய்து சாப்பிட்டுத் தூங்கினேன். நன்றாகத் தூங்கினேன்.

ஆறாம் நாள் இறந்தவர்களின் பட்டியல் வந்தது. நண்டுதான் எனக்குத் தனியாக அனுப்பினான். குவாபாரா இட்சுகோ, ஐம்பத்தெட்டு வயது, பள்ளிச் சமையல்காரர், சகாமோரி. நான்காம் நாள் உடலை எடுத்திருந்தார்கள்.

“நீ வேணும்னா பண்ண?” என்று எழுதியிருந்தான். “எல்லாரும் ஏமாந்தோம். பேசாம அழிச்சிட்டு நகந்துரு.”

அழித்தேன். ஆமாம், அழித்தேன். அதற்கு முன்பே யாரோ படமெடுத்து வைத்திருந்தார்கள். எனக்குச் சபாஷ் சொன்ன அதே வாய்கள் ‘கொலைகாரி’ என்றன. நண்டும் இரண்டு நாளில் தன் சபாஷைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டான்.

அந்தப் படம் திருட்டு அல்ல. மூன்று வருடத்துக்கு முன்னால் தன் பழங்களை விற்பதற்காக இட்சுகோவே எடுத்துச் சந்தைக்கு அனுப்பியது. இருட்டில், உத்தரத்துக்கு அடியில் கிடந்தவளால் இடிந்த வீட்டைப் படம் எடுக்க முடியாது. எந்த வீடு என்று வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று கையில் இருந்ததைப் போட்டிருக்கிறாள். ‘படத்தில் இருக்கும் வீடு’ என்று தெளிவாக எழுதியும் இருக்கிறாள். இப்போது எடுத்த படம் என்று அவள் எங்கே சொன்னாள்? பழத்தைப் பார்த்த என் கண் அந்த வரியைப் பார்க்கவில்லை.

பிறகு தெரிந்தது இன்னும் மோசம். அன்று மாலை ஐந்து மணிக்கு மூன்று தீயணைப்புக்காரர்கள் ஒரே ஒரு மர அறுப்பு இயந்திரத்தோடு சகாமோரி திருப்பத்தில் நின்றிருக்கிறார்கள். மேலே போவதா, அடுத்த ஊருக்குப் போவதா என்று பேச்சு. ஒருவர் கைப்பேசியைக் காட்டி, மேலேயிருந்து வந்த கூக்குரல் பொய்யாம் என்றிருக்கிறார். அடுத்த ஊருக்குப் போனார்கள். அங்கே ஒரு கிழவரை உயிரோடு எடுத்தார்கள். அதைச் சொல்லி என்னைத் தேற்றப் பார்த்தவர்களும் உண்டு. எனக்கு அந்தக் கணக்கு வேண்டாம்.

ஏப்ரலில் சல்லடையின் பெட்டிக்கு ஒரு கடிதம் வந்தது.

‘நான் குவாபாரா சதாஜி, இட்சுகோவின் கணவன். படம் எடுத்த நேரத்தைப் பார்க்க உங்களுக்குத் தெரியும் என்று சொன்னார்கள். ஒரு நாள் வந்துபோக முடியுமா?’

மூன்று நாள் அந்தக் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள், வருகிறேன் என்று நீமுரா என்ற என் சொந்தப் பெயரில் பதில் எழுதி, விடுப்புச் சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினேன். இனிப்புப் பெட்டி ஒன்று வாங்கினேன். எந்த முகத்தோடு அதை நீட்டுவது என்று தெரியாமல் இறங்கும்போது இருக்கையிலேயே விட்டுவிட்டேன்.

விளையாட்டுத் திடலில் வரிசையாகப் போட்டிருந்த தற்காலிக வீடுகளில் கடைசி வீடு. கதவைத் திறந்தவருக்கு அறுபதைத் தாண்டிய வயது, பெரிய கைகள். நான் வாசலிலேயே மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்தேன்.

“எழுந்திருங்க நீமுரா சான்” என்றார். “அதுக்காக உங்களக் கூப்பிடல. உள்ள வாங்க, காத்து அடிக்குது.”

உள்ளே ஒரு மேஜை. அதன் மேல் அவள் படம், ஒரு கிண்ணம் சோறு, ஒரு கைப்பேசி. அதன் பின்பக்கம் நசுங்கி, விளக்குக் கண்ணாடி தூளாகியிருந்தது.

“நான் குளிர்காலத்துல அரிசி மது வடிக்கிற சாக்கே ஆலைக்கு வேலைக்குப் போயிருவேன்” என்றார் தேநீர் ஊற்றிக்கொண்டே. “முப்பது வருஷமா அப்படித்தான். இவ இங்க தனியா இருப்பா. பொண்டாட்டிய விட சோத்துப் புளிப்பு மேலதான் ஒனக்கு ஆசைன்னு கிண்டல் பண்ணுவா. அந்த வாரம் கூட போன் போட்டு, ‘மறுபடியும் சும்மா அலறுச்சு, நான் அசையவே இல்ல, முள்ளங்கி நறுக்கிட்டிருந்தேன்’னு சிரிச்சா. வெள்ளிக்கிழமை அவ கூப்பிட்டப்ப என் போன் ஆலை வாசல் பெட்டிக்குள்ள கெடந்துச்சு. உள்ள கொண்டுபோக விட மாட்டாங்க.”

அவர் அந்தக் கைப்பேசியை என் பக்கம் நகர்த்தினார்.

“இதுல கடைசியா பதினோரு படம் இருக்கு. எனக்கு இதெல்லாம் பாக்கத் தெரியாது. ரெண்டு பேருகிட்டக் குடுத்தேன். ரெண்டு பேரும் பாத்தாங்க, மூஞ்சி மாறுச்சு, ‘நேரம் காட்டலயே’ன்னுட்டு வெச்சிட்டாங்க. எம்மேல எரக்கப்படுறாங்க. நீங்க அப்படிச் சொல்ல மாட்டீங்கன்னு நெனச்சேன். இருக்குறத இருக்குறபடி சொல்றவங்கன்னாங்க.”

அதில் குத்தல் இருந்ததா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அவருக்கு நிஜமாகவே அது தேவைப்பட்டது.

“டாக்டர் என்ன சொன்னார்?” என்று கேட்டேன்.

“உத்தரம் விழுந்து கொஞ்ச நேரத்துலயே போயிருப்பாங்க, கஷ்டப்பட்டிருக்க மாட்டாங்கன்னாரு. அந்தப் பதிவு போட்டு அஞ்சு பத்து நிமிஷத்துல மயக்கம், அப்படியே தூக்கம்னு சொன்னாரு. அத வெச்சிட்டுத்தான் நானும் ராத்திரி கண்ண மூடுறேன். அது சரிதானான்னு பாருங்க.”

கைப்பேசியை எடுத்தேன். முதல் படம் முழுக் கறுப்பு. மேலே விரலை இழுத்தேன். நான்கு நாற்பத்து நான்கு. நான் கேட்டு மூன்று நிமிடம் கழித்து. இரண்டாவது கறுப்பு, நான்கு நாற்பத்தாறு. மூன்றாவதும் கறுப்பு. ‘இப்போதே எடுத்துப் போடு’ என்று கேட்டேனே, எடுத்திருக்கிறாள். விளக்கு உடைந்த கைப்பேசியில், இருட்டில் திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறாள். முதலில் வந்தவை இருட்டு. பிறகு அனுப்ப வழியில்லை. ஏழு மணிக்கு ஒன்று. நள்ளிரவு தாண்டி இரண்டு. எல்லாம் கறுப்பு. பதினொன்றாவதில் மட்டும் மேலே ஒரு கீற்று வெளிச்சம், அதன் அடியில் தூசு படிந்த நான்கு விரல்கள். கைப்பேசிக்கு நன்றாகத் தெரியட்டும் என்று விரல்களை விரித்து வைத்திருந்தாள். மறுநாள் காலை ஏழு ஐம்பத்திரண்டு.

‘நேரம் காட்டவில்லை’ என்று சொல்லிவிடலாம். இரண்டே வார்த்தை. அவர் தூங்குவார். நானும் பதினைந்து மணி நேரத்தை யாருக்கும் தெரியாமல் விழுங்கிவிடலாம். அங்கேதான் எனக்குப் பயம் வந்தது. அந்தப் பொய் அவருக்காகவா, எனக்காகவா என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. சந்தேகம் வந்தால் பொறுக்கி எறிந்துதான் எனக்குப் பழக்கம்.

“முதல் படம் சாயங்காலம் நாலு நாப்பத்தி நாலு” என்றேன். “கடைசிப் படம் மறுநாள் காலையில ஏழு அம்பத்திரண்டு. அதுவரைக்கும் உயிரோட இருந்திருக்காங்க. நெனவோட இருந்திருக்காங்க.”

அவர் கேட்டார்: “நீங்க எப்ப எழுதுனீங்க?”

“நாலு நாப்பத்தொண்ணு.”

“நம்ம ஆளுங்க திருப்பத்துக்கு வந்தது அஞ்சு மணிக்கு.”

“ஆமா.”

பெரிய விரல்களை மேஜை மேல் ஒவ்வொன்றாக மடக்கி மணிகளை எண்ணினார். ஒரு கை முடிந்து மறு கையும் முடிந்தது. மறுபடியும் முதல் கையிலிருந்து தொடங்கி, பதினைந்தில் நிறுத்தினார். கைப்பேசியை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி, அவள் படத்துக்கு முன்னால், கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

“டாக்டர் எங்கிட்டப் பொய் சொல்லியிருக்காரு” என்றார் கடைசியில். “நல்ல மனுஷன்.”